இளம் செஸ் வீரர் ஒருவர் அனுபவமிக்க கிராண்ட்மாஸ்டரை வென்ற ஆட்டங்களில் உங்களுக்கு மிகவும் பிடித்தது எது, ஏன்?

சிங்கப்பூரில் 2024 டிசம்பர் 12 அன்று நடந்த உலக சாம்பியன்ஷிப் 14ஆவது ஆட்டம். குகேஷுக்கு அப்போது 18 வயது. எதிரில் உட்கார்ந்திருந்தவர் நடப்பு சாம்பியன், 32 வயது டிங் லிரென்.

காரைக்குடி பக்கம் பள்ளத்தூரில் எங்கள் வீட்டு முகப்பில் சாயங்காலம் பிள்ளைகளுக்குச் செஸ் சொல்லித் தருகிறேன். இந்த ஆட்டத்தை எடுத்தாலே யாராவது ஒரு பிள்ளை, "சார், அது டிங் பண்ணின தப்புதானே? குகேஷ் லக்குல ஜெயிச்சாரு" என்று ஆரம்பித்துவிடும். முன்னாள் சாம்பியன் கிராம்னிக்கே அந்தத் தப்பைப் பார்த்து முகம் சுளித்தார், பிள்ளைகளைச் சொல்லிக் குற்றமில்லை. ஆனால் அந்த வெற்றி குகேஷ் உட்கார்ந்து சம்பாதித்தது என்பதில் எனக்குத் துளியும் சந்தேகம் இல்லை.

13 ஆட்டம் முடிந்தபோது இருவருக்கும் தலா 6.5 புள்ளி. கடைசி ஆட்டத்தில் டிங்குக்கு வெள்ளைக் காய், அதாவது முதலில் ஆடும் சாதகம். ஆனாலும் அவர் ஒரு சிப்பாயை விட்டுக்கொடுத்து, காய்களை வெட்டிக் குறைத்து, டிராவை நோக்கிப் போனார். டிரா ஆனால் மறுநாள் சாம்பியனைத் தீர்மானிக்க, குறைந்த நேர ஆட்டங்கள் கொண்ட டைபிரேக். அதில் டிங்கின் கைதான் ஓங்கும் என்று பலரும் நினைத்தார்கள். ஆளுக்கு ஒரு யானை, ஒரு பிஷப், சில சிப்பாய்கள், அதுவும் எல்லாம் பலகையின் ஒரே பக்கத்தில். நம் ஊர்ப் போட்டியில் இப்படி ஒரு நிலை வந்தால் இரண்டு பேரும் கைகொடுத்துவிட்டு டீ குடிக்கப் போய்விடுவார்கள்.

குகேஷ் எழுந்திருக்கவில்லை. தோற்கும் ஆபத்து அவருக்குப் பெரிதாக இல்லை, எல்லாச் சுமையும் எதிராளி தலையில். டிங்குக்குக் கடிகாரத்திலும் நேரம் குறைவு. குகேஷ் விடாக்கண்டனாக ஒவ்வொரு மூவிலும் ஒரு சின்னக் கேள்வியை வைத்துக்கொண்டே இருந்தார். ஒவ்வொன்றுக்கும் டிங் சரியான பதிலைத் தேடியாக வேண்டும்.

55ஆவது மூவில் டிங் யானையை எஃப்2 கட்டத்துக்குக் கொண்டுவந்தார். யானைகளை மாற்றிக்கொண்டால் டிரா என்று நினைத்திருப்பார். அவருடைய பிஷப்பைப் பாருங்கள்: ஏ8, பலகையின் மூலை. குகேஷ் யானையை வெட்டினார், டிங்கின் ராஜா திருப்பி வெட்டியது. உடனே குகேஷின் பிஷப் டி5இல் வந்து உட்கார்ந்தது, அதற்குக் காவலாக ராஜா. மூலையில் நிற்கும் பிஷப்புக்கு அந்த ஒரே சாய்வுக்கோடுதான் வழி. எங்கே நகர்ந்தாலும் வெட்டு, நகராவிட்டாலும் வெட்டு. பிஷப்புகளும் போனபின் மிஞ்சியது ராஜாக்களும் சிப்பாய்களும், குகேஷ் பக்கம் ஒரு சிப்பாய் கூடுதல். 58ஆவது மூவோடு டிங் தோல்வியை ஒப்புக்கொண்டார். கணக்கு 7.5–6.5. காஸ்பரோவ் 1985இல் 22 வயதில் வைத்த சாதனை போய், குகேஷ் ஆக இளைய உலக சாம்பியன் ஆனார்.

அந்தத் தப்பு முதல் சில நொடிகள் தன் கண்ணிலேயே படவில்லை என்று குகேஷே பிறகு சொன்னார். அப்புறம் அழுதுகொண்டே காய்களை எடுத்து வரிசையாகப் பலகையில் அடுக்கி வைத்தார் பாருங்கள், அதை இப்போது பார்த்தாலும் எனக்குத் தொண்டை அடைக்கும்.

எங்கள் பக்கத்துப் பிள்ளைகளுக்கு இது எட்டாத விஷயமும் இல்லை. காரைக்குடி பிரணேஷ் 2023 ஜனவரியில் இந்தியாவின் 79ஆவது கிராண்ட்மாஸ்டர் ஆனவர். 2025இல் சென்னை கிராண்ட்மாஸ்டர்ஸ் போட்டியின் சேலஞ்சர்ஸ் பிரிவிலும் முதலிடம் அவருக்குத்தான். அவர் பெயரைச் சொன்னால் போதும், வகுப்பே நிமிர்ந்து உட்காரும்.

லக்கு என்று சொல்லும் பிள்ளையிடம் நான் வாதாடுவதில்லை. அந்த எண்ட்கேமை, அதாவது சில காய்களே மிஞ்சிய கடைசிக் கட்டத்தை, பலகையில் அடுக்கி, வெள்ளைக் காய் பக்கம் உட்கார வைத்துவிடுவேன். எதிரில் இருப்பவர் டிரா கேட்கக் கூடாது, அவ்வளவுதான் விதி. டிரா ஆகவேண்டிய நிலைதான், ஆனால் பத்துப் பதினைந்து மூவுக்குள் வெள்ளைக் காய் ஆடும் பிள்ளை நெளிய ஆரம்பித்துவிடும், தலையில் கை வைக்கும், அவசரமாக ஒரு காயை நகர்த்திவிட்டு "ஐயோ" என்னும்.

நீங்களும் அந்த ஆட்டத்தை 40ஆவது மூவிலிருந்து, கம்ப்யூட்டர் கணிப்பை அணைத்துவிட்டு, வெள்ளை பக்கம் உட்கார்ந்து ஆடிப் பாருங்கள்.