தங்கம் தங்கமாகப் பிறக்கவில்லை

அன்புள்ள ஆசிரியருக்கு,

தங்கமும் யுரேனியமும் சூப்பர்நோவா என்ற விண்மீன் வெடிப்பில் உருவாகின்றன என்று பள்ளியில் படித்தேன். இப்போது நியூட்ரான் விண்மீன்கள் (பெரும்பாலும் நியூட்ரான்களாலான, மிக அடர்ந்த விண்மீன் எச்சங்கள்) மோதுவதால் உருவாகின்றன என்கிறார்கள். எது சரி? ‘வேக நியூட்ரான் ஏற்பு’ என்கிறார்களே, அதில் வேகத்துக்கு என்ன வேலை?

ஒரு வாசகர்

அன்புள்ள வாசகருக்கு,

வேகத்திலிருந்தே தொடங்குகிறேன்.

அணுக்கரு புரோட்டானை எளிதில் உள்ளே விடாது. நேர்மின்னூட்டம் விலக்கித் தள்ளும். மின்னூட்டமில்லாத நியூட்ரானுக்கு அந்தத் தடை இல்லை. ஆனால் நியூட்ரான் மிகுந்த கரு நிலைத்திருக்காது. அதன் நியூட்ரான்களில் ஒன்று புரோட்டானாக மாறும். தனிமம் ஒரு படி ஏறும். இதுவே பீட்டா சிதைவு. முதிய விண்மீன்களில் ஒரு நியூட்ரானுக்கும் அடுத்ததற்கும் இடையே ஆண்டுகள் கழிவதால் சிதைவுக்குத் தாராளமாக நேரம் உண்டு. அந்த மெதுவான வழி பிஸ்மத் 209 என்ற கருவுடன் நின்றுவிடும். அதன் பிறகு கிடைக்கும் பொலோனியம், அடுத்த நியூட்ரான் வருமுன்பே சிதைந்து ஈயமாகிவிடுகிறது. அந்த வழியில் யுரேனியத்தை எட்டவே முடியாது.

எனவே சிதைய அவகாசமே தராமல் நியூட்ரான்கள் வந்து குவிய வேண்டும். சில வினாடிகளுக்குள் எல்லாம் நடந்தாக வேண்டும். இதுவே வேக நியூட்ரான் ஏற்பு. நியூட்ரான்களின் எண்ணிக்கை 50, 82, 126 ஆகும்போது மட்டும் கருக்கள் மேலும் ஏற்கத் தயங்கித் தேங்கும். 126இல் தேங்கியவற்றில் புரோட்டான்கள் எழுபதை ஒட்டியே இருக்கும். நியூட்ரான் வெள்ளம் வடிந்த பிறகு அவை படிப்படியாகச் சிதைந்து பிளாட்டினமும் தங்கமும் ஆகின்றன. தங்கம் தங்கமாகப் பிறக்கவில்லை, வேறொன்றாகப் பிறந்து தங்கமானது. இந்தத் துறையில் என்னை மிகவும் நெகிழ வைத்த செய்தி இது.

இத்தனை நியூட்ரான்கள் எங்கே கிடைக்கும்? 1957இல் பர்பிட்ஜ் தம்பதியர், ஃபௌலர், ஹாயில் ஆகியோர் இவ்வழியை விளக்கியபோது சூப்பர்நோவாவைத்தான் சுட்டினார்கள். உங்கள் பாடநூல் சொன்னதும் அதுவே. பின்னாளில் செய்த கணக்கீடுகளில் சாதாரண சூப்பர்நோவாவில் நியூட்ரான்கள் போதவில்லை. 2017 ஆகஸ்ட் 17 அன்று, சுமார் 13 கோடி ஒளியாண்டுகளுக்கு அப்பால் இரண்டு நியூட்ரான் விண்மீன்கள் இணைந்தபோது எழுந்த ஈர்ப்பு அலை (வெளியில் பரவும் அதிர்வு) பதிவானது. அங்கே தெரிந்த ஒளி நீலமாகத் தொடங்கிச் சில நாள்களில் சிவந்தது; கன தனிமங்கள் நிறைந்த சிதறல் அப்படித்தான் ஒளிரும். 2019இல் அந்த ஒளியில் ஸ்ட்ரான்ஷியம் என்ற தனிமத்தின் தடயத்தையும் இனங்கண்டார்கள்.

ஆகவே மோதலில் உருவாவது உறுதி. மோதலில் மட்டும்தானா என்பது இன்னும் முடிவாகவில்லை. இரண்டு நியூட்ரான் விண்மீன்கள் நெருங்கி இணையப் பெரும்பாலும் நெடுங்காலம் பிடிக்கும். பால்வெளியின் மிகப் பழைய விண்மீன்கள் சிலவற்றிலோ, பெரும்பாலும் வேக நியூட்ரான் ஏற்பில் உருவாகும் யூரோப்பியம் என்ற தனிமம் நிறைந்திருக்கிறது. அவ்வளவு சீக்கிரம் போதிய மோதல்கள் நடந்திருக்குமா என்பதே ஐயம். வேகமாகச் சுழலும் பெருவிண்மீன்களின் அரிய வெடிப்புகளுக்கும் இதில் பங்கு இருக்கலாம் என்று சிலர் கருதுகிறார்கள். நானும் அந்தப் பக்கமே சாய்கிறேன்.

அன்புடன்,
ஆசிரியர்