அமெரிக்காவில் மாட்டிறைச்சி விலை ஏறினாலும் மாடு வளர்க்கும் குடும்பங்களுக்கு ஏன் சில நேரங்களில் லாபம் சேர்வதில்லை?

மாடு வளர்ப்பவருக்கும் இறைச்சி வாங்குபவருக்கும் நடுவில் நிற்பவை முக்கியமாக நான்கே அறுப்பாலை நிறுவனங்கள். டைசன், ஜேபிஎஸ், கார்கில், நேஷனல் பீஃப். தீவனம் போட்டுக் கொழுக்கவைத்த மாடுகளில் சுமார் 85 சதவீதம் இவற்றிடம்தான் அறுப்புக்குப் போகிறது. 1970களின் பிற்பகுதியில் முதல் நான்கு நிறுவனங்களின் பங்கு ஏறத்தாழ கால்வாசிதான்.

2019 ஆகஸ்டில் கான்சாஸ் மாநிலம் ஹோல்கோம்பில் டைசன் ஆலை தீப்பிடித்தது. மாடுகளை அறுக்க இடம் குறைந்ததால் மாட்டு விலை சரிந்தது, இறைச்சி விலையோ எகிறியது. இடைவெளி முழுக்க ஆலைகளின் பைக்குள்! எடை ஏறிய மாட்டை நல்ல விலை வரும்வரை கட்டிவைக்க முடியாது. தீவனச் செலவு முழுங்கிவிடும். பல ஊர்களில் பக்கத்தில் வேறு ஆலையும் கிடையாது. கொழுக்கவைப்பவருக்கு விழும் அடி, அவருக்குக் கன்று விற்கும் சிறு குடும்பத்தின் தலையில் போய் இறங்கும்.

இதைத் தடுக்கத்தான் 1921லேயே சட்டம் போட்டார்கள். அமலாக்கம்தான் என் பார்வையில் படு மந்தம்.