பக்கத்து வயலில் கமலா நெல் போட்டால் என் மாப்பிள்ளைச் சம்பா கெட்டுவிடுமா?

"இரண்டு ஏக்கரில் பிபிடி நெல்லும், அரை ஏக்கரில் விதைக்காகப் பாரம்பரிய ரகமான மாப்பிள்ளைச் சம்பாவும் போடுகிறேன். பிபிடியிலேயே மரபணுவைத் திருத்தி 'கமலா' என்று புது நெல் வந்திருக்கிறதாம். இதுவும் பிடி பருத்தி மாதிரிதானா? பக்கத்து வயல்காரர் போட்டால் என் சம்பா விதை கலந்துவிடுமா?" என்று திருத்துறைப்பூண்டி விவசாயி ஒருவர் கேட்டிருக்கிறார்.

பிடி பருத்தி மாதிரி இல்லை, ஐயா. அதில் மண்ணில் வாழும் ஒரு பாக்டீரியாவின் மரபணுவைச் செருகினார்கள். அப்படிப் பிற உயிரின் மரபணு செருகிய நெல் எதற்கும் நம் நாட்டில் சாகுபடி அனுமதி கிடையாது. கமலா விஷயத்தில், ஐதராபாத்தில் உள்ள இந்திய நெல் ஆராய்ச்சி நிறுவனம் நீங்கள் போடும் அதே பிபிடி 5204-ஐ எடுத்து, அதில் ஒரு மரபணுவை மட்டும் வெட்டி முடக்கியது. சைட்டோகைனின் என்ற வளர்ச்சி ஊக்கியைச் சிதைக்கிற நொதியை உண்டாக்குவதுதான் அந்த மரபணுவின் வேலை. அது அடங்கியதும் கதிரில் ஊக்கி தங்கி, மணிகள் கூடுகின்றன. வெட்டுவதற்காக உள்ளே விட்ட வெளி மரபணுவை அடுத்தடுத்த தலைமுறைகளில் கழித்துவிட்டார்கள். 2025 மே 4 அன்று அறிவித்தபோது விளைச்சல் 19 சதவீதம் கூடும், அறுவடை 20 நாள் முந்தும் என்றார்கள். கடைசித் தண்ணீருக்கு மேட்டூரைப் பார்த்துக் காத்திருக்கும் டெல்டாவுக்கு அந்த 20 நாள் சின்ன விஷயமில்லை.

இனி கலப்பு. பூக்கும் நாளில் காலை பத்து மணி வாக்கில் வரப்பில் குனிந்து பாருங்கள். உமி இரண்டும் விரிந்து, வெளிர் மஞ்சளாக ஆறு மகரந்தப் பைகள் வெளியே தொங்கும். ஒரு மணி நேரம் போல் இருந்துவிட்டு உமி மூடிக்கொள்ளும். பை வெடித்து தூளில் பெரும்பகுதி அதே பூவுக்குள்ளேயே விழுந்துவிடுகிறது. காற்றில் பறக்கிற தூளுக்குச் சில நிமிடமே உயிர். அதனால் நெல்லில் அயல் கலப்பு பொதுவாக 1 சதவீதத்தைத் தொடுவதில்லை. சான்று விதைப் பண்ணைக்கே 3 மீட்டர் இடைவெளி போதும் என்பது விதி. தவிர, கமலா 130 நாள், உங்கள் சம்பா 160 நாள். ஒன்றாக நாற்று விட்டாலும் இரண்டும் ஒரே சமயத்தில் பூக்காது.

நான் பயப்படுவது அறுப்பு மிஷினைப் பார்த்துத்தான். முந்தின வயலின் நெல் அதன் தொட்டியில் கிலோ கணக்கில் தங்கியிருக்கும். விதைக்கு வேண்டிய சம்பாவை நடு வயலில் கையால் அறுத்து, தனியே அடித்து, புதுச் சாக்கில் கட்டுங்கள். மிஷின்தான் என்றால் முதலில் கொட்டும் மூட்டைகளை விதைக்கு எடுக்காதீர்கள்.

இப்படி மரபணு திருத்திய நெல்லை எதிர்ப்பவர்களின் வாதத்தையும் நான் ஒதுக்கவில்லை. வெளி மரபணு இல்லாத மரபணுத் திருத்தப் பயிர்களுக்கு, மரபணு மாற்றுப் பயிர்களுக்கான கடும் ஆய்விலிருந்து 2022 மார்ச்சில் மத்திய அரசு விலக்கு அளித்தது. வெட்டு வேறு இடத்திலும் விழுந்ததா என்ற சோதனை விவரமும், வயல்வாரியான விளைச்சல் கணக்கும் எல்லாரும் படிக்கும்படி வெளியிடப்பட வேண்டும். பயிரிடுகிறவருக்கு அதைக் கேட்க முழு உரிமை உண்டு. வெட்டும் தொழில்நுட்பத்தின் அடிப்படைக் காப்புரிமைகள் வெளிநாட்டவர் கையில் இருப்பதும் உண்மையான கவலை. ஆனால் கமலா வீரிய ஒட்டு அல்ல, ரகம். எடுத்து வைத்த விதை குணம் மாறாமல் முளைக்கும். விளைந்ததிலிருந்து விதை எடுத்து வைக்கவும், விதைக்கவும், அடுத்தவருக்குக் கொடுக்கவும் 2001-ஆம் ஆண்டுப் பயிர் ரகப் பாதுகாப்புச் சட்டம் உங்களுக்கு உரிமை தருகிறது. பிராண்டு பெயர் போட்டு விற்கத்தான் கூடாது.

ரகத்தை அறிவித்ததுமே விதை கடைக்கு வந்துவிடாது. வல்லுநர் விதை, ஆதார விதை, சான்று விதை என்று பெருக்கிவரச் சில ஆண்டுகள் பிடிக்கும். யாராவது மூட்டையைக் காட்டி 'இதுதான் கமலா' என்றால் சான்று விதைக்கான நீல அட்டையைக் கேளுங்கள். ரகப் பெயரும் காலாவதித் தேதியும் இருக்கின்றனவா பாருங்கள். வாங்கினால் அட்டையையும் பில்லையும் அறுவடை வரை பத்திரப்படுத்துங்கள். கலப்பு தெரிந்து வேளாண்மை அலுவலகத்தில் புகார் கொடுக்கப் போனால், முதலில் அவற்றைத்தான் கேட்பார்கள்.