ஸ்போர்ட்டியான காரில் நிஜத்தில் எவ்வளவு மைலேஜ் கிடைக்கும்? பிரீமியம் பெட்ரோல்தான் போட வேண்டுமா?

நான்கு வருடமாக 2 லிட்டர் டர்போ பெட்ரோல் எஞ்சினும் ஆறு கியர் மேனுவலும் உள்ள ஒரு ஹேட்ச்பேக் ஓட்டுகிறேன். வாங்கிய நாளிலிருந்து ஒவ்வொரு முறை டேங்க் நிரப்பும்போதும் கி.மீ., லிட்டர் இரண்டையும் ஒரு சின்ன நோட்டில் எழுதி வருகிறேன். அதை வைத்துச் சொல்கிறேன்.

இந்த மாதிரி காருக்கு 'மைலேஜ் இவ்வளவு' என்று ஒரே எண்ணைச் சொல்ல முடியாது. என் நோட்டில் லிட்டருக்கு 7-ம் இருக்கிறது, 16-ம் இருக்கிறது. அதே கார், அதே பெட்ரோல்தான். 7 வந்த சமயத்தில் தினமும் மூன்று நான்கு கி.மீ. தூரத்துக்கு மட்டுமே வண்டியை எடுத்தேன். எஞ்சின் சூடாவதற்குள் இறங்க வேண்டிய இடம் வந்துவிடும். ஆறிப்போன எஞ்சினுக்குக் கூடுதல் பெட்ரோல் தேவைப்படும், ஆயிலும் கெட்டியாக இருக்கும். 16 வந்தது நெடுஞ்சாலையில் 90-ஐத் தாண்டாமல் சீராகப் போனபோது. அதே சாலையில் 120-ல் போனால் 12.5-க்குப் பக்கத்தில்தான் நிற்கிறது. காற்றின் எதிர்ப்பு வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடும். 100-லிருந்து 120-க்குப் போனாலே எதிர்ப்பு 44 சதவீதம் ஏறிவிடும். எல்லாம் கலந்த என் சராசரி 11 சொச்சம்.

டேஷ்போர்டு காட்டும் எண்ணை அப்படியே நம்ப வேண்டாம். ஒரு முறை 412 கி.மீ. ஓடியபின் 36.8 லிட்டர் பிடித்தது, அதாவது 11.2. திரையில் 12.1 என்று இருந்தது. பம்ப் தானாக நிற்கும்வரை நிரப்பி, ஓடிவிட்டு, மறுபடி அதேபோல் நிரப்பிக் கணக்குப் பாருங்கள். ஒரு டேங்க் போதாது, நான்கைந்து டேங்க்கின் சராசரிதான் உண்மைக்கு நெருங்கி வரும்.

டர்போவுக்கு வருகிறேன். மெதுவாக மிதிக்கும்வரை அது சாதுவான எஞ்சின். பூஸ்ட், அதாவது டர்போ காற்றைத் தள்ளும் அழுத்தம், ஏறினால் உள்ளே போகும் காற்று கூடும், அதற்கேற்பப் பெட்ரோலும் கூடும். முழுதாக மிதித்தால் பல எஞ்சின்கள் 14.7-க்கு 1 என்ற சரியான காற்று-பெட்ரோல் விகிதத்தை விட்டு இன்னும் அதிகமாகப் பெட்ரோல் விடும், வெப்பத்தைத் தணிக்க. அதற்காகப் பயந்து ஓட்டச் சொல்லவில்லை. ஓவர்டேக் செய்ய ஐந்து விநாடி மிதித்ததால் என் சராசரி விழுந்ததே இல்லை. சிக்னலுக்குச் சிக்னல் பாய்ந்து பாய்ந்து பிரேக் போட்டபோதுதான் விழுந்தது. தூரத்தில் சிவப்பு தெரிந்ததும் காலை எடுத்துவிட்டு, கியரிலேயே உருள விடுங்கள். அப்போது இன்ஜெக்டர் பெட்ரோலையே நிறுத்திவிடும். நியூட்ரலில் தள்ளினால் ஐடிலிங்குக்குப் பெட்ரோல் செலவாகும்.

இன்னொன்று, மைலேஜுக்காக ஆறாவது கியரில் 1,500 ஆர்.பி.எம்.மில் போய்க்கொண்டிருக்கும்போது அப்படியே முழுதாக மிதிக்காதீர்கள். சிலிண்டருக்குள்ளேயே பெட்ரோலைத் தெளிக்கும் நேரடி இன்ஜெக்‌ஷன் டர்போ எஞ்சின்களில் ஸ்பார்க் வருவதற்கு முன்பே கலவை பற்றிக்கொண்டு பிஸ்டனையே உடைக்கும் ஆபத்து அந்த நிலையில்தான். கியரைக் குறைத்துவிட்டு மிதியுங்கள்.

சரி, பிரீமியம் பெட்ரோல், அதாவது ஆக்டேன் எண் கூடிய பெட்ரோல். ஆக்டேன் எண் கூடினால் பெட்ரோலில் சக்தி கூடும் என்று பலரும் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. அழுத்தத்திலும் சூட்டிலும் தானாகப் பற்றிக்கொள்ளாமல் தாங்கும் திறனுக்குத்தான் அந்த எண். எஞ்சினுக்கு அது தேவையா என்பதை டேங்க் மூடியின் உள்பக்க ஸ்டிக்கர் சொல்லும். என் காரில் 98 பரிந்துரை, குறைந்தபட்சம் 95 என்று இருக்கிறது. இந்த எண்கள் ஆர்.ஓ.என். (Research Octane Number) என்ற ஆக்டேன் கணக்கு. அமெரிக்காவிலும் கனடாவிலும் பம்பில் எழுதியிருப்பது வேறு கணக்கு, அங்கே 91 என்றால் கிட்டத்தட்ட இங்கே சொல்லும் 95.

நான் 95-ல் மூன்று டேங்க், 98-ல் மூன்று டேங்க் ஓட்டிப் பார்த்தேன். சமதளத்தில் நிதானமாக ஓட்டியதில் மைலேஜில் சொல்லும்படியான வித்தியாசம் இல்லை. வெயில் நேரத்தில் நான்கு பேரோடு மலையேறியபோதுதான் தெரிந்தது. 95-ல் மூன்றாவது கியரில் மிதித்த நொடியில், தகர டப்பாவில் சரளைக்கல்லைக் குலுக்கியது போல ஒரு சத்தம் இரண்டு மூன்று முறை கேட்டு நின்றது. கலவை தானாகப் பற்றும்போது வரும் அந்த அதிர்வை நாக் சென்சார் பிடித்து, ஸ்பார்க் வரும் நேரத்தைப் பின்னுக்குத் தள்ளிவிட்டது. அதன்பிறகு இழுவை குறைந்தது, அதை ஈடுகட்ட நான் இன்னும் மிதித்தேன், பெட்ரோலும் கூடவே போனது. 98-ல் அதே ஏற்றத்தில் வண்டி சலனமில்லாமல் ஏறியது. அதனால் நான் 98-தான் போடுகிறேன். உங்கள் ஸ்டிக்கரில் சாதாரணப் பெட்ரோலே போதும் என்றிருந்தால் அதற்கு மேல் கொடுக்கும் பணம் வீண்.

ஆக்டேனோடு எத்தனால் அளவையும் பாருங்கள். எத்தனாலுக்கு ஆக்டேன் அதிகம், ஆனால் ஒரு லிட்டரில் உள்ள ஆற்றல் பெட்ரோலில் மூன்றில் இரண்டு பங்குதான். 10 சதவீதம் கலந்தால் மைலேஜ் சுமார் 3 சதவீதம் குறையும், 20 என்றால் 6, 7 சதவீதம் வரை. ஒரே ஆக்டேன் எண் போட்ட இரண்டு பம்புகளில் மைலேஜ் மாறுகிறதென்றால் இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். உங்கள் கார் எத்தனை சதவீதம் வரை ஏற்கும் என்பதும் அதே மூடியிலோ கையேட்டிலோ இருக்கும்.

நீண்ட பயணத்தில் சரியான பெட்ரோல் கிடைக்காமல் போகலாம். அப்போது ஃபுல் டேங்க் போடாமல் அடுத்த பம்ப் வரைக்கும் போதுமான அளவு மட்டும் போட்டு, பூஸ்ட் ஏறாதபடி லேசாக மிதித்து ஓட்டுங்கள். அப்புறம் நல்லது கிடைத்த இடத்தில் நிரப்பிவிடலாம்.