ஜாஷ் கிப்சன்: கணக்கில் ஏறிய அடிகள்

கேள்வி: 1947இல் காலமான ஜாஷ் கிப்சன், 2024இல் அமெரிக்க பேஸ்பாலின் வாழ்நாள் பேட்டிங் சராசரிப் பட்டியலில் முதலிடம் பெற்றார் என்று படித்தேன். இது எப்படி நேர்ந்தது?

பதில்: அவர் அடித்தவை அன்றே அடித்தவைதான், அவற்றைக் கணக்கில் சேர்க்கத்தான் இத்தனை காலம் ஆயிற்று. அமெரிக்க பேஸ்பாலின் உச்சப் போட்டியான மேஜர் லீக்கின் அணிகள் கறுப்பினத்தவரை ஒதுக்கிவைத்த நாட்களில், அவர்கள் நீக்ரோ லீக் எனப்பட்ட தனிப் போட்டிகளில் ஆடினர். ஜார்ஜியா மாநிலத்தில் 1911இல் பிறந்து, தந்தையின் எஃகு ஆலை வேலையை ஒட்டி பிட்ஸ்பர்க் நகருக்குக் குடிவந்த கிப்சன், 1930இல் ஹோம்ஸ்டெட் கிரேஸ் அணியில், மட்டையாளருக்குப் பின்னால் பந்தைப் பிடிக்கும் கேட்சராகச் சேர்ந்தார். பின்னர் பிட்ஸ்பர்க் கிராஃபோர்ட்ஸ் அணிக்கும், மெக்சிகோவிலும் ஆடிவிட்டு மீண்டும் கிரேஸ் அணிக்கே திரும்பினார்.

1920 முதல் 1948 வரை நடந்த அத்தகைய ஏழு லீக்குகளையும் மேஜர் லீக் தரத்தவை என்று அதன் நிர்வாகம் 2020 டிசம்பரில் ஏற்றுக்கொண்டது. 2024 மே மாதம் அவற்றின் புள்ளிவிவரங்கள் சேர்க்கப்பட்டபோது, கிப்சனின் .372 என்ற வாழ்நாள் சராசரி, நெடுங்காலம் முதலிடத்தில் இருந்த மேஜர் லீக் வீரர் டை காபின் .367ஐ முந்தியது. (இது கிரிக்கெட் சராசரி போன்றதன்று, கணக்கில் கொள்ளப்படும் ஆயிரம் வாய்ப்புகளில் 372 முறை பந்தை அடித்து பேஸை, அதாவது ஓடிச் சேர வேண்டிய தளத்தை, எட்டினார் என்று பொருள்.)

கிப்சன் ஆடிய லீக் ஆட்டங்கள் குறைவு, எனவே இந்த ஒப்பீடு பொருந்தாது என்று சிலர் சொல்கின்றனர். அதை நான் ஏற்கமாட்டேன். லீக் ஆட்டங்கள் குறைவாக இருந்ததற்கு அவரை வெளியே நிறுத்திய ஏற்பாடே காரணம். ஊர் ஊராகச் சென்று ஆடிய எண்ணற்ற காட்சி ஆட்டங்கள் இந்தக் கணக்கில் வரவே இல்லை. அதோடு, பிட்சர் வீசும் ஒவ்வொரு பந்துக்கும் குந்தி அமர்ந்து, முழங்காலும் விரல்களும் தேயப் பிடிக்க வேண்டியவர் கேட்சர். அந்த வேலையைச் செய்துகொண்டே 1943இல் ஒரே பருவத்தில் .466 எடுத்தவரை நான் தயங்காமல் முதல் வரிசையில் வைப்பேன்.

கேள்வி: மேஜர் லீக்கின் நிறத்தடையை உடைத்த கறுப்பின வீரர் ஜாக்கி ராபின்சனுக்குக் கிடைத்த வாய்ப்பு இவருக்கு ஏன் கிடைக்கவில்லை?

பதில்: மேஜர் லீக் அணியான புரூக்ளின் டாட்ஜர்ஸின் நிர்வாகம் 1945 அக்டோபரில் ராபின்சனை ஒப்பந்தம் செய்தபோது அவருக்கு வயது 26, கிப்சனுக்கோ 33, மூளைக் கட்டியால் உடல்நலமும் குன்றியிருந்தது. 1947 ஜனவரி 20 அன்று, 35 வயதில் கிப்சன் மறைந்தார். ராபின்சன் மேஜர் லீக் களத்தில் இறங்கியது அதே ஆண்டு ஏப்ரல் 15 அன்று.