சீக்கிரம் பூக்கும் ஹெம்ப்: கேட்டதும் சொன்னதும்

விதைக்காக, முறையான அனுமதியோடு ஹெம்ப் ரகம் உருவாக்கும் வேலையில் இருக்கிறேன். வந்த கேள்விகளில் சில இங்கே.

சார், ஹெம்ப் என்றால் சணல்தானே?

இல்லை. சணல், சணப்பு, ஹெம்ப் மூன்றும் வேறு வேறு குடும்பம். ஹெம்ப் கஞ்சா இனமேதான். போதை தரும் டிஹெச்சி மிகக் குறைவாக உள்ள ரகங்கள். ஐரோப்பிய ஒன்றியம் 0.3 சதவீதம் வரை அனுமதிக்கிறது. உரிமம் இல்லாமல் ஒரு விதைகூட ஊன்ற வேண்டாம்.

பூ சீக்கிரம் வந்து என்ன லாபம்?

இது குறும்பகல் செடி, இரவு நீண்டால்தான் பூக்கும். வடக்கு நாடுகளில் கோடைப் பகல் மிக நீளம். இரவு நீளும்வரை செடி காத்திருந்தால் விதை முற்றுமுன் உறைபனி வந்துவிடும். பின்லாந்தின் ஃபினோலா ரகம் இதைத் தாண்ட வந்தது. நாருக்குப் பயிரிடுபவர் நேர் எதிர். பூ வந்ததும் தண்டு வளர்வது குறைந்துவிடுவதால் தாமதமாகப் பூப்பதையே விரும்புவார். இன்னொன்று: பகல் குறுகினால் பூ வருகிறது என்பதை பிரான்சின் ஜூலியன் தூர்னுவா 1912 வாக்கில் கண்டது பீரில் சேர்க்கும் ஹாப்ஸ் கொடியிலும் ஹெம்ப்பிலும்தான். 1920-இல் புகையிலை, சோயாவை வைத்து அதை விளக்கிய அமெரிக்க விஞ்ஞானிகள் கார்னர், அல்லார்ட் இருவருக்கே பெயர் போயிற்று!

பகல் நீளத்தைப் பார்க்காமலே பூக்கும் ரகத்தோடு கலந்தேன். முதல் தலைமுறை எல்லாமே தாமதம். தோற்றுவிட்டேனா அண்ணா?

அவசரப்படாதீர்கள். அந்தக் குணம் பெரும்பாலும் ஒடுங்கு குணம், முதல் தலைமுறையில் ஒளிந்துகொள்ளும். அந்தத் தலைமுறையின் ஆண், பெண் செடிகளையே தங்களுக்குள் கலந்தால், ஒரே மரபணு என்றால் நாலில் ஒன்று வெளியே வரும். பத்துச் செடி போட்டால் ஏமாறலாம், நூறு போடுங்கள். தேர்ந்த பின் இரண்டே செடியில் வம்சத்தை நிறுத்தினால் வீரியம் குன்றும்.

பெண் செடிகளை மட்டும் பார்த்துத் தேர்ந்தெடுத்தால் போதுமா?

பலர் சறுக்குவது இங்கேதான். பாதி மரபணு அப்பாவிடமிருந்து. மகரந்தம் காற்றில் வெகுதூரம் போகும். தாமத ஆண் ஒன்று வயலில் நின்றாலே உங்கள் பெண் செடி பெற்ற விதையில் அதன் பங்கும் இருக்கும். ஆண்கள் பெண்களைவிட முன்னதாகவே பூப்பதால் இரண்டையும் ஒரே தேதிக் கணக்கில் ஒப்பிடக் கூடாது. ஆணை ஆணோடு, பெண்ணைப் பெண்ணோடு. நான் நூல் கட்டுவேன்: ஆணுக்கு நீலம், பெண்ணுக்குச் சிவப்பு, பக்கத்தில் பூத்த தேதி. பூ வரப்போவது இலையிலேயே தெரியும். அதுவரை எதிரெதிரே ஜோடியாக வந்த இலைகள் மாறி மாறி வர ஆரம்பிக்கும்.

ஒரு வரிசை மட்டும் தாமதம். மரபணுக் கோளாறா?

முதலில் இரவில் போய்ப் பாருங்கள். எங்கள் வயல் ஓரத்து ஆறு செடிகளை "தாமதம்" என்று பிடுங்கி எறிந்த பிறகுதான், வேலிக்கு வெளியே விடிய விடிய எரிந்த விளக்கைக் கவனித்தேன். விதைத்த தேதியும் ஒன்றாக இருக்க வேண்டும். தாமதமாக விதைத்தால் குறுகும் பகலில் எல்லாமே சீக்கிரம் பூத்துவிடும், அது ரகத்தின் சாமர்த்தியம் அல்ல.

சீக்கிரமும் வேண்டும், மகசூலும் வேண்டும்...

ஓரளவுதான் கிடைக்கும். வளர்ச்சி நாட்கள் குறைந்தால் உயரமும் கிளையும் குறையும். சரி, செடிக்குச் செடி இடைவெளியைக் குறைத்துக் கொஞ்சம் ஈடுகட்டலாம்.