வேலிக்காக நகையை அடைவு வைக்கலாமா?

கேள்வி: வணக்கம் ஐயா. வட்டக்கச்சியில் அரை ஏக்கர் காணியில் இருக்கிறோம். நான் ஆசிரியை, இவர் வயல் செய்கிறார். காணி 110 அடி அகலம், 198 அடி நீளம். முன்பக்கம் 12 அடி கேற், மிச்சம் பனையோலை வேலி. இரண்டு வருடத்துக்கு ஒருக்கா அடைக்க 30,000 ரூபா அளவில் முடிகிறது. ஆவணியில் மகளுக்குக் கலியாணம், அதற்குள் கொம்போசிற் வேலி, அதுதான் மரத்தூளும் பிளாஸ்டிக்கும் கலந்த பலகை வேலி, போட ஆசை. சுற்றிவரப் போடத்தான் நினைத்தேன், விலையைக் கேட்டதும் முன்பக்கம் மட்டும் என்று முடிவெடுத்தோம். பலகை சதுர அடி 1,200, ஆறடி உயரம், தூண் கூலி எல்லாம் சேர்த்து 9 இலட்சம் என்கிறார்கள். 25 வருடம் நிற்குமாம், கணக்குப் பார்த்தால் ஓலை வேலியைவிட லாபமாம். கலியாணக் காசு வேறாக இருக்கிறது. காலபோக நெல் விற்றதில் கையில் 4 இலட்சம் உண்டு, அது சிறுபோகத்துக்கு என்று இவர் தொட விடுகிறார் இல்லை. ஐந்து வருட வங்கிக் கடன் 16 வீதத்துக்குக் கிடைக்கும். அல்லது மகளின் நகையை அடைவு வைக்கட்டா?

பதில்: நகை வேண்டாம். ஆவணியில் மணவறையில் இருக்கப்போகிற பிள்ளையின் கழுத்துக்கு உரியதை வேலிக்கு அடைவு வைத்துவிட்டு, கலியாணத்துக்கு முதல் மாதம் மீட்க எங்கே ஓடுவீர்கள்? கைமாற்றும் சீட்டும்தான். அந்தப் பேச்சை இதோடு விடுவோம்.

கடைக்காரர் சொன்ன கணக்கை நானும் போட்டுப் பார்த்தேன். ஓலை வேலிக்கு வருடம் 15,000 என்று வைத்தால் 25 வருடத்துக்கு 3 இலட்சத்து 75 ஆயிரம். ஓலை வெட்டவும் கட்டவும் ஆள் பிடிப்பது வருடா வருடம் கடினமாகிறது என்பது உண்மை. சரி, செலவு இரட்டிக்கட்டும், 7½ இலட்சம். நீங்கள் 9 இலட்சத்தை 16 வீதத்துக்கு ஐந்து வருடம் எடுத்தால் மாதத் தவணை 21,900 அளவில் வரும், கட்டி முடிக்கும்போது 13 இலட்சம் தாண்டியிருக்கும். வட்டி மட்டும் 4 இலட்சத்துக்கு மேல். லாபம் எங்கே இருக்கிறது? மாடு வாங்கக் கடன் எடுத்தால் பால் கறக்கும். வேலி எதையும் கறக்காது. அதோடு அந்த 25 வருட உத்தரவாதத் துண்டை வாங்கி வாசியுங்கள். பெரும்பாலும் உக்கலுக்கும் கறையானுக்கும்தான் பொறுப்பு எடுப்பார்கள். நிறம் மங்கினால், தூண் சரிந்தால், பூட்டினவர் பிழை விட்டால் அதில் பதில் இருக்கிறதா என்று பாருங்கள்.

பலகை கூடாது என்று சொல்லவில்லை. மரத்தூளையும் பிளாஸ்டிக்கையும் சூட்டில் அழுத்திச் செய்வதால் கறையான் இலேசில் தின்னாது, பெயின்ற் அடிக்கும் வேலையும் இல்லை. வன்னிச் செம்மண்ணில் மரப்பலகை வேலி வைத்து ஏமாந்தவர்களுக்கு அதன் அருமை தெரியும். ஆனால் வேலி விழுவது பலகையால் அல்ல, தூணால். ஆறடி உயரத்துக்கு இடைவெளி இல்லாமல் அடைத்தால் அது பாய் விரித்த வள்ளம் மாதிரி. சோளகம் தொடங்கினால் முழு விசையும் தூணின் அடியில்தான் இறங்கும். கொம்போசிற் தூண் உள்ளே கோறை. அதற்குள் துருப்பிடிக்காத பூச்சுள்ள இரும்புக் குழாய் இறங்க வேண்டும், இரண்டரை அடி ஆழத்தில் கொங்கிறீற் போட வேண்டும், தூணுக்குத் தூண் ஆறடிக்கு மேல் போகக்கூடாது. உங்கள் விலைப்பட்டியலில் தூணைப் பற்றி ஒரு வரிதான் இருக்குமென்று பந்தயம் கட்டுவேன்.

நான் என்றால் இப்படிச் செய்வேன். கேற்றுக்கு இரு பக்கமும் 20 அடி வீதம் 40 அடிக்கு மட்டும், ஐந்தடி உயரத்தில் போடுவேன். 200 சதுர அடி, பலகை 240,000. உங்கள் கடையின் தூண், கூலி விகிதத்தில் இன்னும் 80,000 வரும். மொத்தம் 3 இலட்சத்து 20 ஆயிரம். வருகிற சனம் பார்ப்பதும் படம் எடுப்பதும் அந்த 40 அடியைத்தான். மிச்சம் 58 அடிக்கு இந்த முறையும் ஓலை அடையுங்கள், மாரி தொடங்க உள்ளால் கிளுவைக் கதியாலும் பூவரசும் நடுங்கள். ஆட்டுக்குக் குழை, தென்னைக்குப் பசளை. அந்த வேலி மட்டும்தான் உங்களுக்கு ஏதாவது திருப்பித் தரும்.

காசு? உங்கள் கணவர் சொல்வது நியாயம், விதை, உழவு, பசளைக் காசை வேலியில் போடக்கூடாது. ஆகவே இப்போதைக்கு 4 இலட்சத்தையும் தொடாமல் இரண்டு தரமாகப் போங்கள். சித்திரைக்குள் உங்கள் சம்பளத்தில் மிச்சம் பிடித்துத் தூண்களை நாட்டுங்கள். வைகாசி, ஆனியில் ஒவ்வொன்றையும் கையால் உலுப்பிப் பார்த்தால் எது ஆடுகிறது என்று தெரிந்துவிடும். பலகையை அந்த 4 இலட்சத்தில் சிறுபோகச் செலவு போக மிஞ்சுவதில் வாங்குங்கள். குறைந்தால் 40 அடி 30 அடியாகட்டும், மானம் போகாது. ஆனால் பலகையைத் துண்டு துண்டாக வாங்கவேண்டாம். ஒவ்வொரு தடவை வரும் சரக்கிலும் நிறம் கொஞ்சம் மாறும், பிறகு ஒட்டுப் போட்ட சாரம் மாதிரி இருக்கும்.

தூண் நாட்ட முன் நில அளவையாளரைக் கூப்பிட்டு எல்லைக் கல்லைப் பாருங்கள். இடம்பெயர்ந்து திரும்பி வந்தவர்கள் வேலி போட்ட இடமெல்லாம் எல்லை ஆகாது. அரசாங்கம் அனுமதிப்பத்திரத்தில் தந்த பெர்மிற் காணியென்றால் அந்தத் துண்டில் உள்ள அளவையும் ஒத்துப் பாருங்கள். முன்பக்கம் வீதி என்பதால் வீதிக்கோடு எதுவரை என்று பிரதேச சபையில் கேட்டுவிடுங்கள். நாட்டிய தூணைப் பிறகு பிடுங்குவதைவிட இதை முதலே செய்வது நல்லது.

பூட்டும் நாளில் பக்கத்தில் நில்லுங்கள். வெயிலில் பலகை நீளும், ஆறடிப் பலகைக்கு இரண்டு மூன்று மில்லிமீற்றர். தூணில் பலகை இறங்கும் பள்ளத்தில் அந்த இடைவெளி விடாமல் இறுக்கினால் பங்குனிச் சூட்டில் வளையும். நிலத்திலிருந்து இரண்டங்குலம் உயர்த்தச் சொல்லுங்கள், செம்மண் தெறிப்பும் குறையும், மழைத் தண்ணியும் போகும். 2018 மார்கழி வெள்ளத்தைக் கண்ட ஊருக்கு இதை விளக்கத் தேவையில்லை. பலகை நுனிகளுக்கு மூடி போடாவிட்டால் குளவி குடிவரும். பின்னேரம் சருகு கூட்டி வேலியடியில் கொளுத்துகிற பழக்கமும் இனி வேண்டாம், அது பாதி பிளாஸ்டிக், உருகும்.

முற்பணம் பாதிக்கு மேல் கொடாதீர்கள். மிச்சத்தைக் கடைசிப் பலகை ஏறின பிறகு, தூணை உங்கள் கையால் ஒருதரம் உலுப்பிப் பார்த்துவிட்டுக் கொடுங்கள்.